ஒட்டுகிற ஸ்டெயின் மேல் வார்னிஷ் அடிக்கலாமா?

கேள்வி: அப்பா காலத்துத் தேக்குச் சாமி மேடையை உப்புத்தாளால் தேய்த்து, வால்நட் நிற ஆயில் ஸ்டெயின் (மரத்துக்கு நிறமேற்றும் எண்ணெய்ப் பூச்சு) அடித்தேன். நாலு நாளாகியும் கை வைத்தால் ஒட்டுகிறது. அப்படியே மேலே வார்னிஷ் அடித்துவிடலாமா? (மலேசியா, பினாங்கு, பட்டர்வொர்த் வாசகர்)

வேண்டாம். அடித்தால் வார்னிஷ் சரியாகப் பிடிக்காது. பிறகு தோல் தோலாக உரியும்.

ஸ்டெயின் பூசியதும் துடைத்தீர்களா? பெயிண்ட் மாதிரி பூசி அப்படியே விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். பூசிப் பத்து நிமிடத்துக்குள், மரம் குடித்தது போக மிச்சத்தைப் பழைய பனியன் துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். அதிலும் தேக்கு தனக்கென்று எண்ணெய் வைத்திருக்கும் மரம், அதிகம் குடிக்காது. நம்ம ஊர் ஈரக்காற்றும் காயவிடாது.

இன்னொன்றையும் பாருங்கள். மேடை முழுக்க ஒட்டுகிறதா, விளக்கு வைத்த இடத்தில் மட்டும் ஒட்டுகிறதா? விளக்கடியில் மட்டும் என்றால், வேலையைக் காட்டுவது இத்தனை வருஷமாக வழிந்த நல்லெண்ணெய். உள்ளே ஊறிப்போனதை உப்புத்தாள் எடுக்காது.

முதலில் டர்பன்டைன் நனைத்த துணியால் ஒட்டுகிற ஸ்டெயினைத் துடைத்தெடுங்கள். விளக்கடியில் மட்டும் தின்னர் போட்டு, துணியை மாற்றி மாற்றித் துடையுங்கள். தின்னர் ஆவியானதும் விரலால் தடவிப் பாருங்கள்; பிசுக்குத் தெரிந்தால் இன்னொரு தடவை. ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் ஊதுபத்திகூட எரியக் கூடாது. ஸ்டெயின் துணிகளைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். ஆயில் காயும்போது சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவிட்டுப் பிறகு போடுங்கள்.

அப்புறம் மெல்லிசாக ஒரு ஸ்டெயின், உடனே துடைப்பு. கை ஒட்டாமல் காய்ந்த பிறகு மெழுகு நீக்கிய ஷெல்லாக் (அரக்கைக் கரைத்த பூச்சு) ஒரு கை. மிச்சமிருக்கும் எண்ணெயை அடக்கி வைப்பது இதுதான். மெழுகுள்ள ஷெல்லாக் வாங்கிவிடாதீர்கள், மேலே அடிக்கிற பாலியூரித்தேன் வார்னிஷ் பிடிக்காது. மழை பெய்யும்போதும் அடிக்காதீர்கள், பால் கொட்டியது போல வெளுத்துவிடும். பினாங்குப் பக்கம் செப்டம்பர், அக்டோபர் என்றால் வெயில் ஏறிய ஒரு காலைக்குக் காத்திருக்கத்தான் வேண்டும்.

கடைசியில் பாலியூரித்தேன் மூன்று மெல்லிய கை. ஒவ்வொன்றும் காய்ந்த பின் 320ஆம் நம்பர் தாளால் லேசாகத் தேய்த்து, தூசியைத் துடைத்துவிட்டு அடுத்தது.

விளக்கேற்ற இரண்டு வாரமாவது பொறுங்கள். அதற்குப் பிறகும் விளக்கடியில் ஒரு பித்தளைத் தாம்பாளம் வையுங்கள். என் வீட்டு மேடையில் அது இல்லாமல் விழுந்த வட்டக் கறை இன்னும் இருக்கிறது.