கோப்பையை மட்டும் காட்டாதீர்கள்

கேள்வி: கனடாவில் ஸ்விஃப்ட் கரன்ட் என்ற சின்ன ஊரின் ஜூனியர் ஐஸ் ஹாக்கி அணி, பஸ் விபத்தில் நான்கு பையன்களைப் பறிகொடுத்தும், இரண்டரை வருஷத்துக்குள் தேசியக் கோப்பையை வென்றதாமே! என் மகன் ஹாக்கி பழகும் இடத்தில் சொன்னார்கள், கண்ணீரே வந்துவிட்டது. இப்படி நம்பிக்கையூட்டும் கதைகளை நீங்கள் ஏன் போடுவதில்லை?
– வாசகர், ஸ்கார்பரோ

பதில்: தாராளமாகப் போடலாம், முழுசாகப் போடுவதென்றால். உங்களுக்குச் சொல்லப்பட்டது பாதிதான். மீதியையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

சஸ்காச்சவன் மாகாணத்தின் தென்மேற்கில், இன்றைக்கும் இருபதாயிரம் பேர் தேறாத ஊர் அது. பதினாறிலிருந்து இருபது வயதுப் பையன்கள் ஆடும் ஜூனியர் ஹாக்கிக்காக பிரான்கோஸ் அணி 1967-இல் அங்கே தொடங்கியது. பிற்பாடு வட அமெரிக்காவின் உச்ச ஹாக்கி லீக்கான என்ஹெச்எல்லில் பேர் வாங்கிய பிரையன் ட்ராட்டியே, டைகர் வில்லியம்ஸ் எல்லாம் அங்கே ஆடியவர்கள்தான். ஆனாலும் சின்ன ஊரில் வசூல் கட்டுப்படியாகவில்லை. 1974-இல் அணியை மூட்டை கட்டி ஆல்பர்ட்டாவின் லெத்பிரிட்ஜுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பன்னிரண்டு வருஷம் ஒரு படி கீழே இருந்த லீக்கில் ஓர் அணியை வைத்துக்கொண்டு ஊர் காலம் தள்ளியது. 1986-இல் ஊர்க்காரர்களே முயன்று பிரான்கோஸைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அணிக்குப் பணக்கார முதலாளி யாரும் கிடையாது, ஊரே முதலாளி. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்த முதல் சீசன். 1986 டிசம்பர் 30 அன்று ரெஜைனாவில் ஆடக் கிளம்பிய பஸ், ஊரைத் தாண்டியதுமே பனி உறைந்த சாலையில் வழுக்கிக் கவிழ்ந்தது. பின்னால் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்த ட்ரென்ட் க்ரெஸ்ஸி, ஸ்காட் க்ரூகர், கிறிஸ் மாண்டிகா, ப்ரென்ட் ரஃப் நால்வரும் இறந்துபோனார்கள். ரஃபுக்கு வயது 16. நால்வரின் 8, 9, 11, 22 என்ற எண்களை நான்கு இதழ் க்ளோவர் இலைக்குள் பதித்து, அந்தச் சின்னத்தைச் சட்டையில் தைத்துக்கொண்டு மற்றவர்கள் ஆடினார்கள். 1988-89 சீசனில் 72 ஆட்டங்களில் 55 வெற்றி, சீசன் கடைசியில் லீக் பட்டத்துக்காக நடக்கும் பிளேஆஃபில் ஆடிய 12-லும் வெற்றி. 1989 மே மாதம் சாஸ்கட்டூனில், போட்டியை நடத்திய ஊரின் அணியையே அதன் சொந்த அரங்கில் வைத்து, கூடுதல் நேரத்தில் 4-3 என்று சாய்த்து மெமோரியல் கப் என்ற அந்தத் தேசியக் கோப்பையைத் தூக்கினார்கள். நீங்கள் கேட்ட கதை இங்கே முடிந்திருக்கும்.

இப்போது பயிற்சியாளரைப் பார்ப்போம். பெயர் கிரஹாம் ஜேம்ஸ். விபத்துக்கு அப்புறம் மனநல ஆலோசகர்களை அவர் உள்ளே விடவில்லை, நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார் என்று ஆட்டக்காரர்கள் பின்னால் சொன்னார்கள். ஏன் விடவில்லை என்பது ஊருக்குப் புரியப் பத்து வருஷம் ஆயிற்று. அதே பஸ்ஸிலும் பயணம் செய்து, அதே கோப்பையையும் வென்ற ஷெல்டன் கென்னடி, இந்த ஆள் தன்னைப் பல வருஷம் பாலியல் கொடுமைக்கு ஆளாக்கியதைப் போலீஸில் சொன்னார். 1997 ஜனவரியில், இரண்டு ஆட்டக்காரர்களிடம் ஏறக்குறைய 350 தடவை அத்துமீறியதை ஆசாமி கோர்ட்டில் ஒப்புக்கொண்டார். கிடைத்தது மூன்றரை வருஷ சிறை. 2007-இல் குற்றப் பதிவை ஒதுக்கிவைக்கும் அரசு மன்னிப்பும் கொடுத்துவிட்டது, அதுவும் மூன்று வருஷம் வெளியே தெரியாமல்! அப்புறம் தியோ ஃப்ளூரி உள்ளிட்ட வேறு ஆட்டக்காரர்களும் பேசினார்கள். 2012-இல் இரண்டு வருஷம் என்று வந்த தீர்ப்பை மேல்கோர்ட் ஐந்தாக்கியது. 2015-இல் இன்னொரு வழக்கிலும் குற்றத்தை ஒப்புக்கொண்டார். இதே மனிதரைத்தான் 1989-இல் 'தி ஹாக்கி நியூஸ்' பத்திரிகை ஆண்டின் சிறந்த மனிதராகத் தேர்ந்தெடுத்தது.

யாரும் கேட்கவில்லையா என்பீர்கள். தோற்றுக்கொண்டே இருக்கிற அணியென்றால் ஆயிரம் பேர் வந்து கேட்டிருப்பார்கள், ஜெயிக்கிற கோச்சை யார் கேட்பார்கள்? பதினாறு வயதுப் பையன் பெற்றோரை விட்டு, அணி பார்த்துக் கொடுத்த யாரோ ஒருவர் வீட்டில் தங்கி ஆடுகிறான். இன்று களத்தில் எத்தனை நிமிஷம், நாளை என்ஹெச்எல் தேர்வுக்குப் பரிந்துரை உண்டா, எல்லாம் கோச் வாயில் இருக்கிறது. ஊரே முதலாளி என்றால், தங்கியிருக்கிற வீட்டுக்காரர் முதல் டிக்கெட் கிழிப்பவர் வரை எல்லோருக்கும் அது சொந்த அணி. பையன் யாரிடம் போய்ப் புகார் சொல்வான்? போராடி மீட்ட அணி என்பதால் ஊர் கண்ணில் வைத்துக் காத்தது, சரி. அந்தப் பாசமே பையன்களின் வாயையும் அடைத்தது என்பது என் அபிப்பிராயம். துக்கத்தைப் பலமாக்கி ஜெயித்தார்கள் என்று நாம் கைதட்டும்போது, அந்தத் துக்கத்தைப் பேசவே விடாதவருக்கும் சேர்த்துத் தட்டுகிறோம். விபத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தப் பையன்கள் ஆடிய ஆட்டமும் பொய்யில்லை.

கென்னடி அதோடு நிற்கவில்லை. 1998-இல் காலில் சக்கர ஸ்கேட் கட்டிக்கொண்டு கனடாவைக் குறுக்காகக் கடந்து, பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்காக நிதி திரட்டினார். 2018 ஏப்ரல் 6 அன்று அதே மாகாணத்தில் ஹம்போல்ட் ஊரின் ஜூனியர் அணி (அதன் பெயரும் பிரான்கோஸ்தான்) போன பஸ் டிரெய்லர் லாரியோடு மோதி 16 பேர் இறந்தார்கள். கென்னடியும், பாப் வில்கி, பீட்டர் சோபர்லாக் முதலிய பழைய தோழர்களும் கிளம்பி அந்த ஊருக்கே போனார்கள். 1986-இல் தங்களுக்குக் கிடைக்காத துணையாக அங்கே போய் நின்றார்கள். அந்தப் பயணத்தைப் பற்றி எழுத உங்கள் பக்கத்தில் யாராவது இருந்தால் அனுப்பச் சொல்லுங்கள், பக்கம் ஒதுக்குகிறேன்.