ரங்கூனில் பாட்டையாவின் கட்டடங்கள் எங்கே இருந்தன என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கையில் பத்திரம் எதுவும் இல்லை, பாட்டையாவின் பெயரும் 'மொகல் தெரு' என்ற ஒரு சொல்லும்தான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் அந்த இரண்டை வைத்துக்கொண்டுதான் தொடங்கினேன். ஏழு வருஷம் ஆயிற்று. எங்கள் வீட்டுப் பேச்சில் வந்துகொண்டிருந்த மூன்று சொத்துகளில் இரண்டின் வாசலில் போய் நின்றுவிட்டு வந்தேன். ஆகையால் நான் வீணடித்த நாட்களை நீங்கள் வீணடிக்க வேண்டாம் என்றுதான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. பெயரைத் தேடாதீர்கள், விலாசத்தைத் தேடுங்கள். மற்றவர்களுக்கு விலாசம் என்றால் முகவரி. நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார் வீடுகளில் விலாசம் என்றால் கடையின் முதலெழுத்துகள், குடும்பத்து ஆட்களின் பெயர்ச் சுருக்கம், ராம. அள. என்பதுபோல. கடன் கொடுத்ததும், வழக்குப் போட்டதும், கோயிலுக்கு மகமை கொடுத்ததும் எல்லாம் இந்த எழுத்துகளின் பேரில்தான் நடந்தது. பாட்டையாவின் முழுப்பெயர் ரங்கூன் காகிதங்களில் வராமலே போயிருக்கலாம். நான் முதல் இரண்டு வருஷம் பெயரைப் போட்டுத் தேடி ஒன்றும் கிடைக்காமல் இருந்ததற்கு இதுதான் காரணம்.

விலாசத்தை ஆங்கிலத்தில் எழுதியபோது என்ன ஆயிற்று என்பதையும் கவனியுங்கள். ராம. என்பது ஆர்.எம்., அள. என்பது ஏ.எல்., சித. என்பது சி.டி., பழ. என்பது பி.எல். ஆக ஒரு ஆளுக்கு இரண்டு எழுத்து. அச்சுக்காரர்கள் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு புள்ளி வைத்துவிட்டதால், அப்பனும் மகனுமாக இரண்டே பேர் உள்ள விலாசம் பார்வைக்கு நான்கு பேர் மாதிரித் தெரியும். புள்ளி வைத்தும், வைக்காமலும், இடைவெளி விட்டும், எல்லா வகையிலும் போட்டுப் பாருங்கள். இன்னொன்று, செட்டியார் என்ற சொல்லை பர்மாவில் ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் 'ஐ' போடாமல் 'ஒய்' போட்டார்கள். அந்த ஒரு எழுத்தை மாற்றித் தேடிய அன்று ராத்திரி எங்கள் விலாசம் மூன்று இடத்தில் வந்து விழுந்தது. எனக்குக் கை நடுங்கிவிட்டது.

வந்து விழுந்த இடம் சட்டத் தீர்ப்புத் தொகுதிகள். 1937 ஏப்ரல் 1 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவோடு சேர்ந்திருந்தது. அதனால் அங்கே நடந்த வழக்குகள் நம் ஊர்ச் சட்டப்படியே நடந்து, இந்தியச் சட்ட அறிக்கைகளின் ரங்கூன் வரிசையில் அச்சாகியிருக்கின்றன. அதற்கு முந்தைய காலத்துக்கு லோயர் பர்மா ரூலிங்ஸ் தொகுதிகள் உண்டு. பழைய சட்ட நூலகங்களில் இருக்கும், பல தொகுதிகள் இணையத்திலேயே ஸ்கேன் செய்து வைக்கப்பட்டிருக்கின்றன. வட்டிக்கடை நடத்தியவர்கள் கோர்ட்டுக்குப் போகாமல் இருந்திருக்க முடியாது. ஈட்டு வழக்கு, அதாவது அடமான வழக்கு என்றால் சொத்தின் விவரம் வந்தே தீரும். எங்களுக்குக் கிடைத்த தீர்ப்பில் இத்தனையாவது வகுப்பு லாட் (மனை), நம்பர் இன்னது, பிளாக் இன்னது என்று ஒரு வரி இருந்தது. தெருப் பெயர்கூட இல்லை. ஆனால் அந்த ஒரு வரிதான் எங்களுக்குத் திறவுகோல்.

ஏனென்றால் 1852இல் ஆங்கிலேயர் பிடித்த பிறகு ரங்கூன் நகரத்தைக் கட்டம் கட்டமாக வரைந்துதான் எழுப்பினார்கள். சூலே பகோடாவை நடுவில் வைத்து, ஆற்றுக்கு இணையாகப் பெரிய சாலைகள், குறுக்கே எண் போட்ட சின்னத் தெருக்கள். கட்டங்கள் பிளாக்குகள், பிளாக்குக்குள் லாட்டுகள். தெருப் பெயர் மாறினாலும் கட்டம் மாறவில்லை. பழைய நகர அளவை வரைபடம் ஒன்று கிடைத்தால் லாட் எண்ணை இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் அப்படியே வைத்துப் பார்க்கலாம். லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் ஆவணங்களோடும், ரங்கூனின் இன்றைய பெயரான யாங்கோனில் மியான்மர் தேசிய ஆவணக் காப்பகத்திலும் கேட்டுப் பாருங்கள். யாங்கோன் ஹெரிடேஜ் டிரஸ்ட் என்று 2012 முதல் ஓர் அமைப்பு இருக்கிறது. பழைய கட்டடங்களைப் பற்றிய வேலையே அவர்களுக்கு.

தெருப் பெயர்களுக்கு வருவோம். உங்கள் மொகல் தெரு இன்று ஷ்வே போந்தா தெரு. ஃப்ரேசர் தெரு அனோரதா சாலை ஆகிவிட்டது, டல்ஹவுசி தெரு மகாபந்துலா சாலை. ஃபேயர் தெரு இப்போது பன்சொடான், ஸ்பார்க்ஸ் தெரு போ ஆங் ஜோ, லூயிஸ் தெரு செய்க்கந்தா. எண் தெருக்களுக்கு மட்டும் எண் அப்படியே நிற்கிறது. மேற்கிலிருந்து கிழக்கே போகப் போக எண் கூடும். ஒரே தெருவை இப்போது மேல், நடு, கீழ் பிளாக் என்று பிரித்துச் சொல்கிறார்கள். பழைய கதவு எண்ணை மட்டும் நம்பிப் போனால் அலைச்சல்தான் மிச்சம்.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. மொகல் தெரு என்று உங்கள் வீட்டில் சொல்வது பெரும்பாலும் கடை இருந்த இடம். கடை வேறு, சொத்து வேறு. நகரத்தார் சேர்ந்து தொழில் நடத்திய பொதுக் கட்டடமான ஒரு கிட்டங்கியின் நீளமான கூடத்தில் பல விலாசங்கள் வரிசையாகப் பெட்டியும் கைமேசையும் போட்டு உட்கார்ந்திருக்கும். அந்தக் கட்டடம் நம்முடையதாக இருக்க வேண்டும் என்று இல்லை.

அதேபோல, இரும்புப் பெட்டியில் ஒரு ரங்கூன் பத்திரம் கிடைத்தால் உடனே நம் சொத்து என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ரங்கூன், மோல்மீன், பசீன், அக்யாப் போன்ற ஊர்களில் உரிமைப் பத்திரத்தை ஒப்படைத்தாலே ஈடு செல்லும் என்று அன்றைய சொத்து மாற்றுச் சட்டத்தில் இருந்தது, பதிவுகூட வேண்டாம். அதாவது கடன்காரர் தன் வீட்டுப் பத்திரத்தை நம் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் பணம் வாங்கிப் போயிருப்பார். பின்னால் எங்கள் வீட்டில் கிடைத்த நான்கு பத்திரங்களில் ஒன்று அப்படி வந்ததுதான். ஒரு பர்மியக் குடும்பத்தின் வீடு அது. அதை எங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். எடுத்தபோது மனசு கொஞ்சம் கனத்தது. கடனை அடைத்திருந்தால் பத்திரம் திரும்பிப் போயிருக்கும். அது காரைக்குடிப் பக்கத்தில் ஒரு வளவு வீட்டில் எண்பது வருஷம் கிடந்திருக்கிறது என்றால் அந்தக் குடும்பத்துக்கு என்ன ஆயிற்றோ.

வீட்டுக் காகிதங்களைப் பொறுத்தவரை, பேரேட்டை முதலில் புரட்டாதீர்கள், தலை சுற்றும். ஐந்தொகையை, அதாவது இருப்பு நிலைக் கணக்கைப் பாருங்கள். மூன்று வருஷக் கணக்கு முடிந்து, முதலாளிக்காகக் கடையை நடத்தும் மேலாள் மாறும்போது இருப்பெல்லாம் அதில் ஒரே இடத்தில் வரும். கட்டடம், நிலம் என்று தனி இனமாகவே இருக்கும். எண்கள் தமிழ் எண்களாக இருக்கும், பின்னங்களுக்குத் தனிக் குறிகள் உண்டு, பழகிக்கொள்ளலாம். வருஷம்தான் ஏமாற்றும். பிரஜோற்பத்தி என்று இருந்தால் 1931 ஆகவும் இருக்கலாம், 1871 ஆகவும் இருக்கலாம். மேலாள் யார் என்பதை வைத்துத்தான் பிரித்தேன். அடுத்து, மேலாளுக்கு முதலாளி எழுதிக்கொடுத்த பவர் பத்திரம். அது நம் பக்கத்துச் சார்பதிவாளர் முன்னிலையில் எழுதியதாக இருக்கலாம். குடும்பம் பிரிந்தபோது எழுதிய பாகப் பத்திரத்தின் சொத்து அட்டவணையையும் விடாதீர்கள். எங்களுக்கு இரண்டாவது கட்டடம் அந்த அட்டவணையிலிருந்துதான் கிடைத்தது. சென்னை ரோஜா முத்தையா நூலகத்தில் பழைய நகரத்தார் பத்திரிகைகளையும், ரங்கூனிலிருந்தே வந்த 'தனவணிக'னையும் கேளுங்கள். கட்டுரைகளை விட்டுவிட்டு விளம்பரப் பக்கங்களைப் பாருங்கள்.

இனி ஆட்கள். உங்கள் வீட்டில் பர்மாவைக் கண்ணால் பார்த்தவர் யாராவது இருந்தால், இந்தப் பதிலை மூடிவிட்டு முதலில் அவரிடம் போங்கள். எங்கள் ஐயாவின் தம்பி, நாங்கள் சின்னையா என்று கூப்பிடுவோம், பெட்டியடிப் பையனாக, அதாவது கடையில் எடுபிடி வேலை செய்யும் பையனாக ரங்கூனுக்குப் போனவர். 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான்காரன் குண்டு போட்டபோது அங்கேதான் இருந்தார். அவர் காலமாவதற்கு முந்தைய வருஷம் ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எனக்கு வழி வரைந்து கொடுத்தார். சூலே பகோடா ஒரு வட்டம், சாலைகள் நான்கு கோடு, நம்ம கட்டடம் ஒரு கட்டம், பக்கத்தில் 'சுத்து ஏணி' என்று எழுதி ஒரு சுருள்.

அந்தப் படத்தை வரைபடத்தோடு பொருத்தி வைத்தால் எங்கள் கட்டடம் சூலேயின் தப்பான பக்கத்தில் வந்தது. தீர்ப்பில் இருந்த பிளாக்கோடு ஒத்துப்போகவில்லை. வயசானவர், மறந்திருப்பார் என்று வீட்டில் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். நானும் அதை மடித்து வைத்துவிட்டேன். அதன்பிறகு ஒருநாள் படத்தைத் திரும்பவும் எடுத்துப் பார்த்தபோதுதான் தாளின் மேல் ஓரத்தில் மூன்று வளைவுக் கோடுகள் கண்ணில் பட்டன. அது ஆறு. ரங்கூன் ஆறு நகரத்துக்குத் தெற்கே ஓடுகிறது. நம் வரைபடங்களில் வடக்குதான் மேலே இருக்கும். சின்னையா கப்பலில் போய் இறங்கியவர். அவருக்கு அந்த ஊர் துறையிலிருந்துதான் தொடங்கியது, அதனால் ஆற்றை மேலே போட்டிருக்கிறார். தாளைத் தலைகீழாகத் திருப்பினேன். கட்டடம் அந்த பிளாக்குக்குள்ளேயே போய் உட்கார்ந்தது. அவர் எதையும் மறக்கவில்லை. அதை அவரிடம் சொல்ல முடியாமல் போய்விட்டதே என்பது இன்றைக்கும் எனக்குத் தீராத குறை.

அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டுதான் அனோரதா சாலையில் காளி கோயிலில் கும்பிட்டுவிட்டு நடந்தேன். 1871இல் தமிழர்கள் கட்டிய கோயில் அது, அடையாளத்துக்கு வசதி. கட்டடம் இருக்கிறது. மூன்று மாடி, கீழே கைபேசிக் கடை. மாடி ஜன்னல்களுக்கு மேலே காரை வேலைப்பாடு பாதி உதிர்ந்திருக்கிறது. பக்கச் சந்துக்குள் போனால் சுவரில் சுருளாக மேலே ஏறும் துருத் தடம். ஏணியைக் கழற்றிவிட்டார்கள், ஆணி அடித்த துளைகள் அப்படியே இருக்கின்றன. கடைக்காரரிடம் எங்கள் பாட்டையாவின் கட்டடம் என்று நான் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது என்று நினைக்கிறேன். 1948க்குப் பிறகு நிலங்களும் 1963, 64இல் வங்கிகளும் கடைகளும் அரசுடைமை ஆயின. இன்று அங்கே இருப்பவர்களுக்கு அதுதான் வீடு. கட்டணம் கொடுத்தால் சொத்தை மீட்டுத் தருகிறேன் என்று என்னிடம் ஒருவர் வந்தார். உங்களிடமும் யாராவது வருவார்கள். ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

மூன்றாவது சொத்து ரங்கூனிலேயே இல்லை, பெகு பக்கத்து வயல். 1930இல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நகரத்தார் கையில் இருந்த நிலம் 6 சதவீதம்தான். நெல் விலை விழுந்து கடன் திரும்பாததால் 1938இல் அது 25 சதவீதம் ஆகியிருந்தது. எங்கள் வயலும் அந்த வருஷங்களில் வந்ததுதான். அதனால் உங்கள் தேடலில் தெருவே இல்லாத ஒரு சொத்து தட்டுப்பட்டால் திகைக்க வேண்டாம், அது டெல்டா நிலமாக இருக்கும். அங்கே தெருவும் கதவு எண்ணும் கிடையாது, அளவை வரைபடத்தில் 'கிவின்' என்று ஒரு பிரிவும் அதற்குள் ஒரு எண்ணும்தான். எங்கள் ஐந்தொகையில் இரண்டும் இருக்கின்றன, வரைபடம்தான் இல்லை. பெகு மாவட்டத்துப் பழைய கிவின் வரைபடம் எங்கே பார்க்கக் கிடைக்கும் என்று யாருக்காவது தெரிந்தால் கீழே எழுதுங்கள். நீங்களும் உங்கள் விலாசத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டதும் சொல்லுங்கள், ரங்கூன் வரிசைத் தொகுதிகளில் நானும் சேர்ந்து தேடுகிறேன்.