அறுபதுக்கு மேல் பேட்டரி சைக்கிள்: கேள்வியும் பதிலும்

தஞ்சாவூர்ப் பக்கம் நாற்பது வருடமாக சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். வயது 68. ஏழு வருடமாக நான் ஓட்டுவதும் பேட்டரி சைக்கிள்தான். என் வயதை ஒட்டியவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பெரும்பாலானவர்கள் முதலில் கேட்பது ‘எவ்வளவு தூரம் போகும், எவ்வளவு வேகம் போகும்’ என்றுதான். நான் திருப்பிக் கேட்பது வேறு: எப்படி ஏறுவீர்கள், எப்படி இறங்குவீர்கள், எப்படி நிறுத்துவீர்கள்? நம் வயதில் வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டியது இந்த மூன்றையும் வைத்துத்தான்.

கேள்வி (66 வயது, கும்பகோணம்): அண்ணே, பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். கடைத்தெரு, கோயில், சாயங்காலம் பேரனை டியூஷனில் கொண்டுபோய் விடுவது, இவ்வளவுதான் என் ஓட்டம். பேட்டரி ஸ்கூட்டரா, பேட்டரி சைக்கிளா? லைசென்ஸே வேண்டாம் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான், ஆனால் எல்லா வண்டிக்கும் இல்லை. மோட்டார் திறன் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள் இருக்க வேண்டும். அரசு ஏற்ற சோதனை நிறுவனத்தின் சான்றிதழும் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட வண்டிக்கு லைசென்ஸும் வேண்டாம், நம்பர் பிளேட்டும் வேண்டாம். வாங்கும்போதே அந்தச் சான்றிதழின் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

சில கடைகளில், ‘சார், உள்ளே ஒரு ஒயரைக் கழற்றிவிட்டால் 45 போகும்’ என்று மெதுவாகச் சொல்வார்கள். கேட்காதீர்கள். அந்த ஒயரைக் கழற்றிய நிமிஷமே அது பதிவு செய்யாத, இன்ஷூரன்ஸ் இல்லாத மோட்டார் வாகனம். யார் மேலாவது இடித்தால் முழுப் பொறுப்பும் உங்கள் தலையில்தான்.

பேரனைப் பின்னால் உட்கார வைத்துப் போவதுதான் முக்கியம் என்றால் பதிவு செய்த ஸ்கூட்டரே சரி. 55 வயதுக்கு மேல் லைசென்ஸை ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை மருத்துவச் சான்றிதழுடன் புதுப்பிக்க வேண்டும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தனியாகப் போய்வருவதுதான் அதிகம் என்றால் சைக்கிளைச் சொல்வேன். ஸ்கூட்டர் 100 கிலோவுக்கு அக்கம்பக்கம் இருக்கும். சாய்ந்தால் நம்மால் பிடிக்க முடியாது. பேட்டரி சைக்கிள் 20 முதல் 25 கிலோதான். அப்புறம், அதில் கால் மிதித்துக்கொண்டே இருக்கும். அந்த மிதிதான் நமக்கு மருந்து.

கேள்வி (71 வயது, மன்னார்குடி): ஐம்பது வருடம் சைக்கிள் மிதித்தவன் நான். பையன் பேட்டரி சைக்கிள் வாங்கிக் கொடுத்தான். முதல் நாளே இடது பெடலில் கால் வைத்து ஏறப் போனேன், வண்டி என்னை இழுத்துக்கொண்டு பாய்ந்துவிட்டது. முழங்கையில் சிராய்ப்பு. வண்டியில் கோளாறா?

கோளாறு இல்லை ஐயா. நாம் ஏறும் முறை அந்த வண்டிக்கு ஒத்துவராது.

நம் தலைமுறை ஏறுவது எப்படி? இடது காலைப் பெடலில் ஊன்றி, வலது காலால் தரையை இரண்டு மூன்று தடவை உந்தி, வண்டி ஓட ஆரம்பித்ததும் வலது காலைக் கேரியருக்கு மேலாகத் தூக்கிப் போட்டு உட்காருவோம். பெரிய சைக்கிளில் அது அழகாக வரும். பேட்டரி சைக்கிளுக்கு நீங்கள் ஏறுகிறீர்களா ஓட்டுகிறீர்களா என்பது தெரியாது. பெடலில் நடப்பது மட்டும்தான் அதற்குத் தெரியும்.

மிதிப்பதை உணர்ந்து மோட்டாரை ஓட்டும் சென்சார் இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பெடல் சுற்றுகிறதா என்று மட்டும் பார்க்கும். லேசாகச் சுற்றினாலும் மோட்டார் ஓடும். காலை நிறுத்தினாலும் ஒரு கணம் தள்ளிவிட்டுத்தான் நிற்கும். விலை குறைந்த வண்டிகளில் பெரும்பாலும் இதுதான். இன்னொன்று, கால் எவ்வளவு அழுத்துகிறது என்று அளந்து அதற்குத் தகுந்தாற்போல் தள்ளும். ஓட்டும்போது இது சுகம், நம் காலே பலமானது போல இருக்கும். ஆனால் ஏறும்போது முழு எடையையும் ஒரு பெடலில் போட்டால், பலமாக மிதிக்கிறார் என்று நினைத்துப் பாய்ந்துவிடும். ஆகவே எந்த வகை வண்டியானாலும் பழைய முறையை விட்டுவிடுங்கள்.

நான் கடையில் சொல்லிக் கொடுப்பது இது. இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான வண்டிகளில் பிரேக்கைப் பிடித்தால் மோட்டாருக்குக் கரன்ட் நின்றுவிடும். உங்கள் வண்டியில் அப்படி நிற்கிறதா என்று பின்சக்கரத்தைத் தூக்கிவைத்து முதலிலேயே பாருங்கள். வண்டியைக் கொஞ்சம் உங்கள் பக்கம் சாய்த்து, ஒரு காலை அந்தப் பக்கம் வைத்து, இரண்டு காலும் தரையில் ஊன்றி நில்லுங்கள். வலது பெடலை மேலே, கொஞ்சம் முன்னால் கொண்டுவாருங்கள். மோட்டார் உதவி மிகக் குறைந்த ஒன்றாம் அளவில் இருக்கட்டும், கியர் லேசானதில் இருக்கட்டும். தலையை நிமிர்த்தித் தெருவைப் பார்த்துவிட்டு, பிரேக்கை விட்டு வலது காலால் அழுத்துங்கள். இறங்கும்போது வண்டி முழுதாக நிற்க வேண்டும். இடது கால் தரையில் பட வேண்டும். பிரேக்கைப் பிடித்தபடியே மற்றக் காலை எடுக்க வேண்டும். ஓடிக்கொண்டே குதிக்கவே கூடாது.

இதை இவ்வளவு நீளமாகச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. என் மச்சானுக்கு 70 வயது. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, சுவிட்சை அணைக்காமல், ஹேண்டிலைப் பிடித்தபடி பேத்தியிடம் காய்கறிப் பையைக் கொடுத்தார். கை ஆக்ஸிலேட்டரில் பட்டது. வண்டி ஒரு முழம்தான் நகர்ந்தது. திண்ணை ஓரத்தில் விழுந்து மணிக்கட்டு உடைந்து ஆறு வாரம் மாவுக்கட்டோடு இருந்தார். ரோட்டில் அவர் ஒரு தடவைகூட விழுந்ததில்லை. வயதான காலத்துப் பேட்டரி சைக்கிள் விழுகைகளில் நிறைய இப்படித்தான், ஏறும்போதும் இறங்கும்போதும். வீடுதோறும் சைக்கிள் இருக்கும் நெதர்லாந்திலும் வயதானவர்கள் விஷயத்தில் இதையே கண்டிருக்கிறார்கள். நின்றவுடன் முதல் வேலை சுவிட்சை அணைப்பது. பை, சில்லறை, பேச்சு எல்லாம் அதற்கப்புறம்.

கேள்வி (62 வயது, திருநெல்வேலி): நான் எப்போதும் சேலைதான் கட்டுவேன். உயரம் ஐந்து அடிதான். எனக்கு எந்த மாதிரி வண்டி சரிப்படும்? முழங்கால் வலியும் இருக்கிறது.

அம்மா, நடுவில் குறுக்குக் கம்பி இல்லாமல் தாழ்வாக வளைந்த லேடீஸ் மாடல் எடுங்கள். சேலை கட்டாத, இடுப்பு பிடித்துக்கொண்ட ஆண்களுக்கும் நான் அதையேதான் சொல்கிறேன். காலைத் தூக்க வேண்டிய உயரத்தைக் கடையில் கைச்சாணால் அளந்து பாருங்கள். இரண்டு சாணுக்கு மேல் இருந்தால் வேண்டாம். செயினை முழுதாக மூடும் கவரும், பின்சக்கரத்துக்குச் சேலைக் கார்டும் போடச் சொல்லுங்கள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள்.

சீட்டு உயரம்தான் முழங்காலைப் பார்த்துக்கொள்ளும். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மட்டும் மடங்கியிருக்க வேண்டும். சீட்டு தாழ்ந்தால் ஒவ்வொரு மிதிக்கும் முட்டிச் சில்லில் அழுத்தம் விழும், வலி கூடும். ஆனால் அந்த உயரத்தில் உட்கார்ந்தால் உங்களுக்குக் கால் தரையில் சரியாக எட்டாது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சமாதானம் செய்ய வேண்டும். முதல் மாதம் சீட்டைத் தாழ்த்தி, இரண்டு பாதமும் நன்றாக ஊன்றும்படி வையுங்கள்; பயம் போகட்டும். அப்புறம் வாரத்துக்கு ஒரு விரல் அகலம் உயர்த்துங்கள். பாதத்தின் முன்பாதி ஊன்றுகிற அளவோடு நிறுத்திக்கொள்ளலாம். சக்கரம் 26 அங்குலத்துக்கு மேல் வேண்டாம். கால் எட்டாத வண்டியை யார் எவ்வளவு தள்ளுபடியில் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கேள்வி (64 வயது, ஈரோடு): விளம்பரத்தில் 50 கிலோமீட்டர் என்றார்கள். எனக்கு 27, 28தான் வருகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

உங்கள் பேட்டரியில் 36 வோல்ட், 7.65 ஆம்பியர்-ஹவர் (Ah) என்று எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். இரண்டையும் பெருக்கினால் சுமார் 275 வாட்-ஹவர் (Wh), அதுதான் பேட்டரி தேக்கிவைக்கும் மின்சாரத்தின் அளவு. மிதித்துக்கொண்டே, நடுத்தர உதவியில் போனால் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 10 வாட்-ஹவர் செலவாகும். 275-ஐப் பத்தால் வகுத்தால் 27. நீங்கள் சொன்ன கணக்குக்குச் சரியாக வருகிறதே! 50 என்பது லேசான ஆள், சமதரை, மிகக் குறைந்த உதவி என்று வைத்துச் சொன்னதாக இருக்கும். ஆக்ஸிலேட்டரை மட்டும் திருகிக்கொண்டு போனால் 20-கூட வராது.

டயரில் காற்று குறைந்தாலும் தூரம் குறையும். வாரம் ஒரு தடவை காற்று அடிக்கிறீர்களா? டயரின் பக்கவாட்டில் எவ்வளவு காற்று என்று எழுதியிருக்கும். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துச் சொல்வது பழைய கதை, மீட்டர் வைத்த பம்ப் ஒன்று வாங்குங்கள்.

கேள்வி (69 வயது, வேலூர்): ராத்திரி முழுக்க சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கலாமா? தீப்பிடிக்கும் என்கிறார்களே. பேட்டரி எத்தனை வருடம் வரும்?

தூங்கும்போது வேண்டாம். முழு சார்ஜ் ஏற நான்கு, ஐந்து மணி நேரம் போதும். பகலில், ஆள் விழித்திருக்கும்போது போடுங்கள். வண்டியோடு வந்த சார்ஜர் மட்டும்தான், கடைத்தெருவில் விலை குறைவாகக் கிடைப்பது வேண்டாம். வாசல் கதவை மறித்தாற்போலவோ, மெத்தை, துணி அருகிலோ வைக்காதீர்கள். உங்கள் ஊர் வெயில் எனக்குத் தெரியும். சித்திரையில் வெளியே போய்வந்தவுடன் சார்ஜில் போடக் கூடாது. அரை மணி, முக்கால் மணி நிழலில் ஆறட்டும். கீழே விழுந்து அடிபட்ட பேட்டரி, உப்பின பேட்டரி, வாசனை வருகிற பேட்டரி எதையும் சார்ஜ் செய்யாதீர்கள்.

ஆயுள் பெரும்பாலும் 500 முதல் 800 முழு சார்ஜ். அதன்பின் நின்றுவிடாது, தூரம்தான் குறையும். மகன் வீட்டுக்கு மூன்று மாதம் போகிறீர்கள் என்றால் பாதி சார்ஜில் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டுப் போங்கள். காலியாக விட்டுப் போனவர்கள் திரும்பி வந்து செத்த பேட்டரியோடு என் கடைக்கு வருகிறார்கள், பார்க்கவே மனசு கேட்காது. புது பேட்டரி வண்டி விலையில் ஒரு பெரிய பங்கு. ஆகவே வாங்கும்போதே கேளுங்கள்: பேட்டரி தனியாகக் கிடைக்குமா, என்ன விலை, நம் ஊரிலேயே மாற்றிக் கொடுப்பார்களா?

கேள்வி (ஒரு மகள், சென்னை): அப்பாவுக்கு 74. இரண்டு வருடம் முன்னால் ஸ்டென்ட் வைத்தது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார், சர்க்கரையும் உண்டு. பேட்டரி சைக்கிள் வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார். எப்படித் தடுப்பது?

தங்கச்சி, உடனே தடுக்க நினைக்காதீர்கள். அவர் கேட்பது வண்டி மட்டும் இல்லை. யாரையும் எதிர்பார்க்காமல் தானே கடைக்குப் போய் வருவதைக் கேட்கிறார். அது போய்விட்டால் மனிதர் சீக்கிரம் ஒடுங்கிவிடுவார், என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அவருடைய டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். அந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்குத் தலையில் அடிபட்டால், வெளியே காயம் தெரியாவிட்டாலும் உள்ளே ரத்தம் கசியக்கூடும். ஹெல்மெட் இல்லாமல் தெருமுனைக்குக்கூடக் கூடாது. விழுந்து தலை இடித்தால் ‘ஒன்றுமில்லை’ என்று அவர் சொன்னாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சட்டைப் பையில் மாத்திரைச் சீட்டும் கொஞ்சம் சர்க்கரையும் இருக்கட்டும். சர்க்கரையால் பாதம் மரத்திருக்கிறதா என்றும் பாருங்கள். பெடல் எங்கே இருக்கிறது என்று கால் உணர வேண்டும். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் வாங்குவதற்கு முன்பே டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும்.

அப்புறம் ஒரு மைதானத்துக்குக் கூட்டிப் போங்கள். ஒரு கையை விட்டு சிக்னல் காட்டச் சொல்லுங்கள். நேராகப் போய்க்கொண்டே தோளுக்கு மேல் திரும்பிப் பின்னால் பார்க்கச் சொல்லுங்கள். இதில் வண்டி வளைந்து வளைந்து போனால் இரண்டு சக்கரம் வேண்டாம். மூன்று சக்கரப் பேட்டரி சைக்கிள் இருக்கிறது. நிற்கும்போது விழாது. ஆனால் திருப்பத்தில் சாயாது என்பதால் வேகமாகத் திருப்பினால் ஒரு பக்கம் தூக்கும், நடை வேகத்தில்தான் திருப்ப வேண்டும்.

கேள்வி (60 வயது, ஏற்காடு): மலை ஏறுமா?

சக்கரத்துக்குள் மோட்டார் உள்ள வண்டி நீண்ட ஏற்றத்தில் சூடாகித் திணறும். பெடல் அச்சில் மோட்டார் உள்ளது கியரைப் பயன்படுத்தி ஏறும், விலை அதிகம். எனக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் கவலை. எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் உள்ள வண்டியாக வாங்குங்கள், லேசாகப் பிடித்தாலே போதும் என்பதால் விரல் பலம் குறைந்தவர்களுக்கு அது பெரிய உதவி. எந்தக் கை முன் பிரேக் என்பது வண்டிக்கு வண்டி மாறுகிறது, கிளம்பும் முன் தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி (67 வயது, நாகப்பட்டினம்): மழையில் ஓட்டலாமா?

தூறலில் ஓட்டலாம். சக்கரத்தின் நடு அச்சு வரை தண்ணீர் நிற்கும் இடத்தில் இறங்காதீர்கள். வாட்டர் சர்வீஸில் பிரஷர் வைத்து அடிக்கவே கூடாது, ஈரத்துணியால் துடைத்தால் போதும். உங்கள் ஊர் உப்புக்காற்றுக்குச் செயினுக்கு மாதம் இரண்டு தடவை எண்ணெய் விடுங்கள்.

கேள்வி (63 வயது, விருதுநகர்): அண்ணா, எனக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாது. சின்ன வயதில் வீட்டில் விடவில்லை. இப்போது கற்றுக்கொள்ள முடியுமா, இல்லை இது வீண் ஆசையா?

வீண் ஆசை இல்லை அம்மா. உங்கள் வயதில் மூன்று பேருக்கு என் கடை வாசலிலேயே கற்றுக் கொடுத்திருக்கிறேன்.

முதலில் பேட்டரி வண்டியை வாங்காதீர்கள். ஒரு சாதாரண லேடீஸ் சைக்கிளை இரவல் வாங்கி, இரண்டு பெடலையும் கழற்றச் சொல்லுங்கள். சீட்டை நன்றாக இறக்குங்கள். உட்கார்ந்துகொண்டு, நடப்பது போலவே காலால் தரையைத் தள்ளித் தள்ளிப் போங்கள். நாலைந்து நாளில் தள்ளுக்குத் தள்ளு காலைத் தூக்கி வைத்திருக்கும் நேரம் கூடும். தூக்கிய காலோடு பத்து அடி போய், பிரேக் பிடித்து நிற்க வந்துவிட்டால் பேலன்ஸ் வந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது பெடலை மாட்டுங்கள். யாரையும் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி வரச் சொல்லாதீர்கள், அவர்கள் கையை நம்பியே உடம்பு பழகிவிடும். விடியற்காலையில், ஆள் நடமாட்டம் இல்லாத பள்ளிக்கூட மைதானம் நல்லது. ஒரு நாளைக்கு இருபது நிமிஷம் போதும்.

சாதாரண சைக்கிளில் ஒரு மாதம் கடைக்குப் போய் வாருங்கள். அப்புறம் எனக்கு எழுதுங்கள், உங்கள் உயரத்தைச் சொல்லுங்கள், வண்டி பார்க்கலாம்.