தவிட்டு வாளியும் மட்டக்குதிரைக் குட்டியும்

கால்நடை கேள்வி – பதில்

கேள்வி: எங்களிடம் ஒரு வயது ஆண் மட்டக்குதிரைக் குட்டி ஒன்று இருக்கிறது. கினிப்புல்லும் நேப்பியரும் வெட்டிப் போடுகிறோம். மில் தவிடு காலையில் ஒரு கிலோ, பின்னேரம் ஒரு கிலோ. எலும்பு உறுதிக்கு மாட்டுக் கல்சியம் டொனிக் போதும் என்கிறார் ஒருவர். கொழும்பிலிருந்து பீட் பலன்சர் (புரதமும் கனிமமும் செறிந்த, சிறிதளவே கொடுக்கும் குதிரைத்தீனி) எடுக்கச் சொல்கிறார் இன்னொருவர். எதை வாங்குவது?
– வாசகர், வாழைச்சேனை

பதில்: இரண்டையும் வாங்குவதற்கு முன் தவிட்டைக் குறையுங்கள். உங்கள் குட்டிக்கு உள்ள பெரிய ஆபத்து அந்த வாளிக்குள்தான் இருக்கிறது.

அரிசித் தவிட்டில் கிலோவுக்குப் பொஸ்பரஸ் 16 கிராம் அளவில் இருக்கும். கல்சியமோ ஒரு கிராம்தான் தேறும். இரண்டு கிலோ தின்கிற குட்டிக்குத் தவிட்டிலிருந்து மட்டும் 32 கிராம் பொஸ்பரஸ் போகிறது. வளர்ந்தபின் 250 கிலோ வரக்கூடிய மட்டக்குதிரைக்கு ஒரு வயதில் நாளொன்றுக்கு வேண்டியது கல்சியம் 19 கிராம், பொஸ்பரஸ் பத்தரைக் கிராம். கல்சியம் எப்போதும் பொஸ்பரஸைவிடக் கூடுதலாக, ஒன்றரை முதல் இரண்டு மடங்காக இருக்கவேண்டும். உங்கள் வாளியில் கணக்குத் தலைகீழாக நிற்கிறது.

பொஸ்பரஸ் மிஞ்சினால் குடலில் கல்சியம் ஏறாது. இரத்தத்தில் கல்சியம் குறைய விடாமல் உடம்பு எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். அதனால்தான் இரத்தப் பரிசோதனை பெரும்பாலும் சரியாகவே வரும், குட்டியோ இன்று ஒரு காலிலும் நாளை இன்னொரு காலிலும் நொண்டும். பிறகு மூக்கெலும்பும் தாடையும் இருபக்கமும் தடித்து முகம் வீங்கும். மூச்சு இரைச்சலாக வரும், மெல்லச் சிரமப்படும். முகம் வீங்கியபின் வைத்தியம் பார்த்தாலும் பழைய வடிவம் முழுதாகத் திரும்பாது.

நேப்பியரும் கினியும் இதை இன்னும் மோசமாக்கும். சி.ஓ.3 என்ற கலப்பின நேப்பியர் உட்பட இந்த வெப்பமண்டலப் புல்லினங்களில் ஒக்சலேற் என்ற பொருள் உண்டு. புல்லிலுள்ள கல்சியத்தை அது கட்டிப்போடும். மாட்டின் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் ஒக்சலேற்றை உடைத்துவிடும். குதிரைக்கு அந்த வசதி இல்லை. மாடு நன்றாகத்தானே இருக்கிறது என்று அதே புல்லை நம்பிக் குதிரை வளர்ப்பவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். முடிந்தளவுக்கு வரம்போர நாட்டுப் புல்லும் மேய்ச்சலும் கலந்து கொடுங்கள்.

இனி அளவுகள். முதலில் எடையைக் கண்டுபிடியுங்கள். தையல் நாடாவால் முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றையும், தோள்முனையிலிருந்து பின்புட்ட முனை வரை நீளத்தையும் அங்குலத்தில் அளக்கவும். சுற்றைச் சுற்றால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 301ஆல் வகுத்தால் இறாத்தல் வரும். இந்த 301 ஒரு வயதுக் குட்டிக்கு உரியது. சுற்று 48, நீளம் 46 என்றால் 352 இறாத்தல், அதாவது 160 கிலோ. இரண்டு கிழமைக்கு ஒருமுறை அளந்து எழுதி வையுங்கள். எடை சீராக ஏறவேண்டும், திடீரென்று பாயக்கூடாது.

160 கிலோக் குட்டிக்கு நாள் தீனி: பச்சைப்புல் 12 முதல் 14 கிலோ, தவிடு 300 கிராம், சோயாப் புண்ணாக்கு 250 கிராம், நன்றாக அரைத்த சிப்பித்தூள் அல்லது தீனித்தரச் சுண்ணக்கல் தூள் 40 கிராம், உப்பு 15 கிராம். இதை இரண்டு நேரமாகப் பிரியுங்கள். தவிட்டை ஒரே நாளில் வெட்டாமல் பத்து நாளில் இறக்கவும்.

தேங்காய்ப் புண்ணாக்கு மலிவாகக் கிடைக்க, ஏன் சோயா என்று கேட்பீர்கள். தேங்காய்ப் புண்ணாக்கில் புரதம் இருந்தாலும் வளரும் குட்டிக்கு முக்கியமான லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. 250 கிராம் சோயாவில் ஏறக்குறைய 7 கிராம் லைசின் கிடைக்கிறது. குட்டியின் தேவை 18 கிராம், மிச்சத்தில் பெரும்பகுதி புல்லில் வரும். பச்சைச் சோயா அவரையை அரைத்துப் போடவே வேண்டாம். மாரியில் பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கு எதுவும் வேண்டாம், காயவைத்தாலும் நஞ்சு போகாது.

சிப்பித்தூள் கோழித்தீனிக் கடைகளில் கிடைக்கும். மாவாக இருப்பதைக் கேளுங்கள், முட்டைக்கோழிக்குப் போடும் துண்டு சரிவராது. வெற்றிலைச் சுண்ணாம்பு வாயையும் குடலையும் வேகவைத்துவிடும், கிட்டவும் கொண்டுபோக வேண்டாம். டிசிபியும் (டைகல்சியம் பொஸ்பேற் தூள்) வேண்டாம். அதில் பொஸ்பரஸ் 18 வீதம். உங்களிடம் ஏற்கனவே மிஞ்சுவது அதுதான். டொனிக்கைப் பொறுத்தவரை, போத்தலின் லேபிளில் ஒரு நாள் அளவுக்கு எத்தனை கிராம் கல்சியம் என்று பார்த்து, 40 கிராம் சிப்பித்தூளில் வரும் 15 கிராமோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு காசைக் கொடுக்க மனம் வராது.

தூளை உலர்ந்த தவிட்டில் தூவினால் குட்டி மூக்கால் ஊதித் தள்ளிவிட்டு மிச்சத்தைத் தின்னும். தவிட்டில் தண்ணீர் தெளித்து, பிடித்தால் பிடியாகவும் விட்டால் உதிரியாகவும் வரும் பதத்தில் பிசைந்து, அதன்பின் தூளைக் கலக்கவும். தின்று முடிந்ததும் வாளியின் அடியை விரலால் தடவுங்கள். வெள்ளையாக ஒட்டினால் கணக்கில் போட்டது வயிற்றுக்குள் போகவில்லை.

இவ்வளவும் செய்தபின் குறைவது செப்பும் நாகமும் (சிங்க்). செப்பு நாளுக்கு 40 மில்லிகிராம், நாகம் 160, ஒன்றுக்கு நாலு. புல்லில் பாதியளவு வரும். இந்த இடைவெளியை அடைப்பதுதான் பலன்சரின் வேலை. வாங்குவதானால் புரதம் 25 வீதத்துக்கு மேல், லைசின் அளவு எழுதியிருப்பது, கல்சியம் பொஸ்பரஸைவிடக் கூடியது என்று பார்த்து எடுங்கள். பெரும்பாலானவற்றுக்கு 100 கிலோ எடைக்கு 100 கிராம். குட்டிகளுக்கான அளவு பையிலேயே தனியாக இருக்கும். பலன்சர் கொடுக்கத் தொடங்கினால் அதிலுள்ள புரதத்தைக் கணக்கிட்டுச் சோயாவைக் குறைக்கவும். ‘வளரும் குதிரைக் கலவை’ என்பது வேறு சாமான்: இரண்டு மூன்று கிலோ கொடுக்க வேண்டியதை விலைக்குப் பயந்து அரைக் கிலோ கொடுத்தால் கனிமம் கால்வாசிதான் போகும். செலேனியம் என்ற நுண்கனிமம் உள்ள இரண்டு பொருட்களை ஒன்றாகக் கொடுக்க வேண்டாம், மிஞ்சினால் அது நஞ்சு.

காசு இறுக்கம் என்றால் மாட்டுக் கனிமக் கலவை போதும். யூரியாவும் மருந்தும் சேராததாக இருக்கவேண்டும். கிலோவில் 1,000 மில்லிகிராம் செப்புள்ள கலவையில் 20 கிராம் எடுத்தால் 20 மில்லிகிராம் ஆயிற்று.

குளம்புக்கு மேலுள்ள கணு முன்னாலிருந்து பார்க்க உடுக்கை மாதிரித் தெரிந்தால் குட்டி அதிக சக்தியில் அவசரமாக வளர்கிறது என்று சந்தேகியுங்கள். தவிட்டை முற்றாக நிறுத்தி மிருக வைத்தியரிடம் காட்டவும். விலாவெலும்பு கண்ணுக்குத் தெரியாமல் கைக்குத் தட்டுப்பட்டால் சரியான உடம்பு.

கேள்வி: புரொய்லர் தீனி மிஞ்சிக் கிடக்கிறது. குதிரைக்குக் கொடுக்கலாமா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: ஒரு பிடியும் கூடாது. கோழித்தீனியில் இரத்தக் கழிச்சலைத் தடுக்க மொனென்சின், சலினோமைசின் போன்ற மருந்துகள் சேர்ப்பார்கள். கோழி தாங்கும் அளவு குதிரையின் இதயத் தசையை அழித்துவிடும். தீனி மறுப்பு, வியர்வை, வயிற்றுவலி, தள்ளாட்டம் என்று ஓரிரு நாளில் தெரியும். மாற்று மருந்து கிடையாது. தப்பிய குதிரைகூடப் பிறகு ஓடும்போது விழலாம். கோழித்தீனி அள்ளும் கோப்பையையும் குதிரைத் தீனிக்குப் பாவிக்காதீர்கள். தின்றுவிட்டால், அறிகுறிக்குக் காத்திராமல் தீனிப் பையோடு வைத்தியரிடம் ஓடவும்.

கேள்வி: குதிரையின் பிடரிமயிரும் வாலும் கொட்டுகின்றன. விற்றமின் குறைவா?
– வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: வேலியில் இபில் இபில் நிற்கிறதா என்று பாருங்கள். அதன் இலையிலுள்ள மிமோசின் என்ற நச்சுப்பொருள் குதிரைக்கு இந்த நீள மயிரைத்தான் முதலில் கொட்டச் செய்யும். இலையை நிறுத்தினால் மயிர் திரும்ப முளைக்கும், மாதக்கணக்கு எடுக்கும். வால் அடி மட்டும் உரசித் தேய்ந்திருந்தால் அது சொறி அல்லது குடற்புழு. அதற்குப் புழுமருந்தும் தோல் பரிசோதனையும் வேண்டும்.