ஊட்டிப் பனியில் குதிரைக்கு என்ன போடுவது?

ஊட்டி காந்தலில் இருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவரிடம் இரண்டு உருப்படி. ஒன்று சவாரிக்குப் போகும் மட்டக்குதிரை, ஒன்பது வயது, கொழுகொழுவென்று இருக்கிறதாம். இன்னொன்று இருபதைத் தாண்டிய பெண் குதிரை, வேலை எதுவும் இல்லை, விலா எலும்பு தெரிகிறது. இரண்டுக்கும் காலையும் மாலையும் ஒவ்வொரு கிலோ கோதுமைத் தவிட்டைச் சுடுதண்ணீரில் பிசைந்து வெல்லம் போட்டுக் கொடுக்கிறார். மதியம் அவித்த கொள்ளு, மற்ற நேரம் மேய்ச்சல். டிசம்பரில் உறைபனி விழுந்து புல் கருகிவிடுகிறது, குளிருக்குத் தவிடும் கொள்ளும் கூட்டிக் கொடு என்று பக்கத்தில் இருப்பவர்கள் சொல்கிறார்கள், எவ்வளவு கூட்டலாம் என்பது கேள்வி. கடைசியில் ஒரு வரி: "கிழவிக்கு முகம் கொஞ்சம் உப்பினாற்போல இருக்கிறது, காலை மாற்றி மாற்றி நொண்டுகிறது, அது வயசுதானே?"

அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். தீவனக் கேள்விக்கான பதிலும் அதில்தான் இருக்கிறது. குதிரைக்கு நேர் எதிரே நின்று, கண்ணுக்குக் கீழே மூக்கை நோக்கி ஓடும் எலும்பு மேட்டின் மேல் இரண்டு கட்டைவிரலையும் வைத்துத் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் வீங்கியிருந்தால் பல் வேரிலோ சைனஸிலோ தொந்தரவு இருக்கலாம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, கல்லுப் போலக் கெட்டியாக உப்பியிருந்து, கூடவே இன்று முன்னங்கால், நாளை பின்னங்கால் என்று நொண்டலும் இடம் மாறினால், வயசு என்று விட்டுவிடாதீர்கள். கால்சியம் பற்றாமல் உடம்பு தன் எலும்பையே கரைத்துக்கொண்டிருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். 'பெருந்தலை நோய்' என்பார்கள். அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் மாவு மில்காரர்களின் குதிரைகளுக்கு, தவிடு தின்றே இது வந்திருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். குதிரைக்குக் கிடைக்கிற பாஸ்பரஸைவிடக் கால்சியம் ஒருபோதும் குறையக் கூடாது, ஒன்றரை அல்லது இரண்டு மடங்கு இருந்தால் நல்லது. நீங்கள் போடும் 2 கிலோ தவிட்டில் பாஸ்பரஸ் 20 கிராமுக்கு மேல் இருக்கும், கால்சியம் 3 கிராம் கூடத் தேறாது. அதற்கு மேல் உங்கள் ஊர்ப் புல். நீலகிரி முழுக்கப் படர்ந்திருக்கும் கிக்கியூ புல்லில் ஆக்ஸலேட் அதிகம், அது இருக்கிற கொஞ்சக் கால்சியத்தையும் குடலிலேயே பிடித்துவைத்துக்கொண்டு சாணியோடு வெளியே போய்விடும். அதே புல்லை மேய்கிற பக்கத்து வீட்டு மாட்டுக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை என்று கேட்பீர்கள். மாட்டின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் ஆக்ஸலேட்டைப் பெருமளவு சிதைத்துவிடுகின்றன. குதிரைக்கு அந்த வேலை பெருங்குடலில்தான் நடக்கும், ஆனால் கால்சியம் உறிஞ்சப்படுவது அதற்கு முன்னால், சிறுகுடலில். ஆக தவிடும் கிக்கியூவும் சேர்ந்தால் இரண்டு பக்கமும் அடி.

கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், ஆனால் ரத்தத்தில் கால்சியம் சரியாக இருக்கிறது என்று முடிவு வந்தால் அதோடு நிம்மதி அடைந்துவிடாதீர்கள். எலும்பிலிருந்து எடுத்துத்தான் உடம்பு ரத்தத்தின் அளவைச் சரிக்கட்டுகிறது, அதனால் ரத்தப் பரிசோதனையில் பல நேரம் ஒன்றும் தெரியாது. என்ன தீவனம் போடுகிறீர்கள் என்பதை அவரிடம் அளவோடு சொல்லுங்கள், அது ரத்தப் பரிசோதனையைவிட உதவும்.

சரி, குளிருக்கு வருவோம். குளிர் கூடினால் தானியத்தைக் கூட்டு என்பது ஊர் வழக்கம், ஆனால் குதிரைக்குச் சூடு தருவது புல். நார்ச்சத்து பெருங்குடலில் மணிக்கணக்காகப் புளிக்கும்போது வரும் வெப்பம், இரவெல்லாம் கனன்றுகொண்டிருக்கும் விறகடுப்பு மாதிரி உடம்பை உள்ளிருந்தே காக்கிறது. தவிடும் வெல்லமும் அந்த வேலையைச் செய்யாது. சுடச்சுடக் கொடுப்பதால் நமக்கு மனசு நிறைகிறது, அவ்வளவுதான். பனி அதிகம் விழும் இரவுகளில் கூடுதலாக ஒன்றிரண்டு கிலோ உலர்புல்லைத் தொட்டியில் போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். மழையில் நனைந்து காற்றில் நிற்கும் குதிரைதான் உலர்ந்த குளிரில் நிற்கும் குதிரையைவிட அதிகம் நடுங்கும், அதனால் அக்டோபர், நவம்பர் மழையில் தலைக்கு மேல் ஒரு கூரை இருக்க வேண்டியது தீவனத்துக்குச் சமமான விஷயம்.

எவ்வளவு போடுவது என்பதற்கு முதலில் எடை தெரிய வேண்டும், அதற்குத் தையல்காரர் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள், அப்புறம் தோள் முனையிலிருந்து புட்ட முனை வரை நீளம், இரண்டும் சென்டிமீட்டரில். நெஞ்சளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ வரும். நெஞ்சு 145, நீளம் 140 என்றால் சுமார் 248 கிலோ, உங்கள் மட்டக்குதிரை ஏறக்குறைய இதுதான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு நாளைக்கு எடையில் 2 சதவீதம் உலர் பொருள் வேண்டும், 1.5-க்குக் கீழே இறங்கவே கூடாது. 250 கிலோவுக்கு 5 கிலோ. பச்சைப் புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர் என்பதால் புல்லாகவே கொடுத்தால் 25 கிலோ வரும், பனிக்காலத்தில் உங்கள் மேய்ச்சல் நிலத்தில் அவ்வளவு தேறாது.

அதனால் மட்டக்குதிரைக்கு 3 அல்லது 4 கிலோ உலர்புல், மேய்ச்சலில் கிடைப்பது, அதோடு உலர்ந்த குதிரைமசால், அதாவது லூசர்ன் என்ற தீவனப் பயிர், ஒரு கிலோ. பச்சையாகக் கிடைத்தால் நாலைந்து கிலோ. இந்தக் குதிரைமசால்தான் முக்கியம், அதைச் செலவு என்று விட்டுவிடாதீர்கள். கோயம்புத்தூர் பக்கமிருந்து மேலே ஏற்றி வர வேண்டியிருந்தாலும், ஒரு கிலோ உலர் மசாலில் 12 கிராமுக்குக் குறையாத கால்சியம் இருக்கிறது. 250 கிலோ எடையுள்ள குதிரைக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 10 கிராம், கிக்கியூ கொஞ்சம் பிடித்துக்கொண்டாலும் சமாளிக்கலாம். மசால் கிடைக்காத வாரங்களில் தீவனத் தரமுள்ள சுண்ணாம்புக்கல் பொடி, அதாவது கால்சியம் கார்பனேட், 30 கிராம் கலந்துவிடலாம். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைத் தொடவே தொடாதீர்கள், அது வாயையும் குடலையும் புண்ணாக்கும். கடையில் டிசிபி, அதாவது டைகால்சியம் பாஸ்பேட், கொடுத்தாலும் வேண்டாம், அதில் பாஸ்பரஸும் சேர்ந்தே வரும்.

கொள்ளு நல்ல புரதம், அதில் எனக்கு மறுப்பில்லை. ஊறவைத்து நன்றாக அவித்து, சவாரிக்குப் போகிற நாளில் மட்டும் கால் கிலோவிலிருந்து அரை கிலோ. சும்மா நிற்கும் நாளில் கொழுத்த மட்டக்குதிரைக்கு அது தேவையே இல்லை. வெல்லத்தை இரண்டுக்குமே நிறுத்துங்கள். கொழுத்த மட்டக்குதிரைக்குச் சர்க்கரையும் மாவும் ஏறினால் குளம்புக்குள் அழற்சி வரும், வந்தால் நின்ற இடத்திலிருந்து ஒரு அடி எடுத்து வைக்க முடியாது, அந்த வேதனையைப் பார்த்தவர்கள் மறுபடி வெல்லத்தைத் தொட மாட்டார்கள். குளிர்கால ரோமத்துக்கு அடியில் உடம்பு கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, அதனால் விலாவைக் கையால் தடவுங்கள். பார்த்தால் தெரியாமல், லேசாக அழுத்தினால் எலும்பு தட்டுப்பட வேண்டும். குதிரை மெலிந்திருக்கிறதா கொழுத்திருக்கிறதா என்று மதிப்பிடும், 1 முதல் 9 வரையிலான ஹென்னெக்கே அளவில் இதுதான் 5.

கிழவிக்குக் கணக்கு வேறு. முதலில் பல். பாதி மென்ற புல் உருண்டை உருண்டையாகக் கீழே கிடக்கிறதா பாருங்கள், கிடந்தால் பல்லைச் சீவிவிடாமல் எத்தனை கிலோ போட்டாலும் உடம்பில் ஒட்டாது. பூச்சி மருந்து கடைசியாக எப்போது கொடுத்தீர்கள் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மசாலையும் உலர்புல்லையும் விரல் கணு அளவுக்கு நறுக்கி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, ஒரு நாளில் நாலு தடவையாகப் பிரித்துக் கொடுங்கள். நீங்கள் ஆசையாகக் கொடுக்கிற அந்தச் சூடான கூழ் அவளுக்கு இப்படிக் கிடைக்கட்டும். மெலிவு தேற, அதன் மேல் சமையல் எண்ணெய் இரண்டு கரண்டியில் ஆரம்பித்து, இரண்டு வாரத்தில் 100 மில்லி வரை போகலாம், அவித்த கொள்ளும் அவளுக்குத் தினமும் கொஞ்சம் இருக்கலாம். கால்சியம் எவ்வளவு கூடுதலாகத் தர வேண்டும் என்பதை மட்டும் மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். தீவனம் சரியானால் நொண்டல் சில வாரம், சில மாதத்தில் குறையும், முகத்து வீக்கம் முழுசாக வடியாமலும் போகலாம்.

தண்ணீரைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. குளிரில் குதிரை தண்ணீர் குறைவாகக் குடிக்கும், அதே சமயம் பச்சைப் புல் போய் உலர்புல் வருகிறது, குடலில் சாணி இறுகி வயிற்றுவலி வருவது இப்படித்தான். காலையிலும் மாலையிலும் கை பொறுக்கும் சூட்டில் ஒரு வாளி வையுங்கள், குடிப்பது கண்கூடாகக் கூடும். மட்டக்குதிரைக்குத் தினமும் இரண்டு, மூன்று டீஸ்பூன் சாதா உப்பு.

மாட்டுத் தீவன மூட்டை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். சிலவற்றில் மொனென்சின் என்ற மருந்து சேர்த்திருப்பார்கள், மாட்டுக்கு ஒன்றும் செய்யாத அளவே குதிரையின் இதயத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும். கோழித் தீவனத்துக்கும் இதேதான். மார்க்கெட்டில் கழிக்கிற முட்டைக்கோஸ் இலையைக் கூடை கூடையாகக் கொட்டினால் வாயு கட்டும், கேரட் என்றால் ஒரு கிலோ வரை, நீளவாக்கில் கீறிக் கொடுங்கள். பூசணம் பிடித்த புல், பார்க்க எவ்வளவு லேசாக இருந்தாலும், வேண்டாம். புல் கருகிய பிறகு பசியோடு அவிழ்த்துவிட்டால் உண்ணிச்செடியையும் பெரணியையும் கடிக்க ஆரம்பிக்கும், இரண்டும் நஞ்சு, அதனால் வயிற்றுக்கு உலர்புல் போட்ட பிறகே வெளியே விடுங்கள்.

இதையெல்லாம் நாளைக்கே மாற்றிவிட வேண்டாம். பத்து நாளாவது எடுத்துக்கொண்டு, தவிட்டை நாளுக்கு ஒரு பிடி குறைத்து, மசாலை ஒரு பிடி கூட்டுங்கள், பெருங்குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள் மாறுவதற்கு அவ்வளவு நாள் பிடிக்கும். அந்த நாட்களில் சாணியை எண்ணிப் பாருங்கள். ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை போடும் குதிரை அரை நாளாக ஒன்றுமே போடாமல், வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு தரையைக் காலால் சுரண்டினால், தீவனத்தை எடுத்துவிட்டு உடனே மருத்துவருக்குப் போன் செய்யுங்கள், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.