எச்சரிக்கை வந்தால் எடுப்பவர் யார்? இளையோருக்கான இணையவழி மனநல உதவி: கேள்வி பதில்

இளையோருக்கான இணையவழி மனநல உதவித் திட்டமொன்றில் ஒன்பது ஆண்டுகளாக ஒருங்கிணைப்பாளராகப் பணியாற்றி வருகிறேன். மனநல மருத்துவர், உளவியலாளர், பள்ளி ஆலோசகர், மென்பொருள் பொறியாளர் ஆகிய நால்வரும் ஒரே பிள்ளையைப் பற்றி நான்கு விதமாகப் பேசும்போது, அவர்களை ஒரு முடிவுக்குக் கொண்டு வருவது என் வேலை. அந்த எல்லைக்குள் வரும் கேள்விகளுக்கு விரிவாகவும் மற்றவற்றுக்குச் சுருக்கமாகவும் விடை தருகிறேன். மருந்தும் நோய் நிர்ணயமும் நேரில் பார்க்கும் மருத்துவருக்கு உரியவை. அவற்றுக்கு இங்கே விடை தர மாட்டேன்.

பள்ளி ஆலோசகர்: எங்கள் பள்ளி மாணவர்களுக்கு மனநலச் செயலி ஒன்றைத் தர நிர்வாகம் முடிவு செய்துள்ளது. நிபுணர் குழு அமைக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. யார் யாரைச் சேர்க்க வேண்டும்?

பதில்: சேர்ந்தவர்கள் எப்போது கூடுவார்கள், எதை முன்னால் வைத்துப் பேசுவார்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்; பெயர்களைப் பிறகு தேடலாம். புகழ்பெற்றவர்களைக் கொண்ட குழுக்கள் ஆண்டுக்கு இருமுறை கூடி, அறிக்கை எழுதிக் கலைவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த இடைவெளியில் துன்பப்படும் பிள்ளை எந்த அறிக்கையிலும் வருவதில்லை.

இதற்கு நன்கு சோதிக்கப்பட்ட முன்மாதிரி ஒன்று உண்டு. கூட்டுப் பராமரிப்பு என்று அதைச் சொல்கிறோம். உதவி பெறும் அனைவரின் பெயரும் ஒரே பட்டியலில் இருக்கும். அந்தப் பட்டியலுக்கு ஒரே ஒருவர் பொறுப்பு. மனநல மருத்துவர் எல்லோரையும் நேரில் பார்க்காமல், வாரம் ஒருமுறை அந்தப் பொறுப்பாளருடன் அமர்ந்து பட்டியலைப் பார்ப்பார். முன்னேற்றம் காணாதவர்களைப் பற்றியே முதலில் பேசுவார்கள். 60 வயதோ அதற்கு மேலோ ஆன மனச்சோர்வு நோயாளிகள் 1801 பேரிடம் நடத்திய ஆய்வு 2002இல் வெளிவந்தது. ஓராண்டு முடிவில், இம்முறையில் பராமரிக்கப்பட்டவர்களுள் 45 விழுக்காட்டினருக்கு அறிகுறிகள் பாதியோ அதற்கு மேலோ குறைந்திருந்தன. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் அது 19 விழுக்காடு. 2014இல் வளரிளம் பருவத்தினர் 101 பேரிடம் இதே முறையைச் சோதித்தபோதும் வழக்கமான சிகிச்சையைவிட நல்ல பலன் கிடைத்தது. இவ்விரு ஆய்வுகளிலும் புதிய மருந்தோ புதிய உரையாடல் சிகிச்சையோ இல்லை. யாரும் பட்டியலிலிருந்து நழுவிவிடாமல் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதே புதிது.

ஆகவே உங்கள் குழுவில் நீங்கள், ஓர் உளவியலாளர், வாரத்துக்கு ஒரு மணி நேரமேனும் ஒதுக்கக்கூடிய மனநல மருத்துவர், செயலியில் பதிவாகும் தரவைப் படித்துச் சொல்லத் தெரிந்த ஒருவர், அண்மையில் பள்ளியை முடித்த இளைஞர் இருவர் இருந்தால் போதும். இளைஞர்களுக்கு மற்றவர்களைப் போலவே ஊதியம் கொடுங்கள். அப்போதுதான் அவர்கள் பேச்சைக் குழு செவிமடுக்கும். எல்லாவற்றுக்கும் முன்பு ஒன்றை எழுதி வையுங்கள்: வெள்ளிக்கிழமை இரவு பதினொரு மணிக்குச் செயலியில் ஓர் எச்சரிக்கை எழுந்தால் அதை எடுப்பவர் யார்? அவர் நோயுற்றிருந்தால் அடுத்தவர் யார்? பதவியை எழுதாதீர்கள், பெயரை எழுதுங்கள்.

தாய் ஒருவர்: பதற்றத்துக்கு எந்தச் செயலி நல்லது?

பதில்: உங்கள் பிள்ளையைப் பார்க்காமல் ஒரு பெயரைச் சொல்வது முறையாகாது. தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். அந்தச் செயலியைப் பற்றியே ஆய்வு நடந்திருக்கிறதா, அல்லது அது பயன்படுத்துவதாகச் சொல்லும் சிகிச்சை முறையைப் பற்றி நடந்த ஆய்வைத் தன் கணக்கில் காட்டுகிறதா என்று பாருங்கள். தரவு யாரிடம் போகிறது என்று படியுங்கள். அதன் பின், பிள்ளை அதைத் தொடர்ந்து பயன்படுத்தத் துணையாக இருப்பவர் யார் என்று யோசியுங்கள். மனநலச் செயலிகள் 93ஐ ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வில், நிறுவியவர்களுள் பதினைந்தாம் நாளிலும் திறந்து பார்த்தவர்களின் இடைநிலை அளவு (செயலிகளை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) 3.9 விழுக்காடு மட்டுமே. தனியே விடப்பட்ட செயலி இரண்டு வாரங்களில் மறக்கப்படுகிறது. வாரம் ஒருமுறை பத்து நிமிடம் கேட்டறிய ஒரு மனிதர் இருந்தால் நிலைமை மாறுகிறது.

கல்லூரி மாணவர்: இணையத்தில் ஒன்பது கேள்விகள் கொண்ட மனச்சோர்வுக் கேள்வித்தாளை நிரப்பினேன். 16 வந்தது. எனக்கு மனச்சோர்வு நோய் இருக்கிறதா அக்கா?

பதில்: தம்பி, அந்தக் கேள்வித்தாள் கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி மட்டுமே கேட்கிறது, முழு மதிப்பெண் 27. அது நோயை உறுதி செய்யாது. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரை நேரில் பார்க்க வேண்டும் என்று சொல்கிறது. இந்த வாரமே பாருங்கள். ஒன்பதாம் கேள்விக்கு, அதாவது இறந்துவிடலாம் அல்லது தன்னை வருத்திக்கொள்ளலாம் என்ற எண்ணம் பற்றிய கேள்விக்கு, 'இல்லை' என்பதைத் தவிர வேறு எந்த விடையைத் தந்திருந்தாலும், வாரக் கணக்கை விட்டுவிட்டு இன்றே நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் சொல்லுங்கள்.

இந்த இடத்தில் எல்லோருக்கும் ஒரு சொல். விடைகளைப் படிக்க ஆளில்லாமல் அந்த ஒன்பதாம் கேள்வியை இணையத்தில் வைப்பது பெருந்தவறு. கதவைத் தட்டச் சொல்லிவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு போவதற்கு ஒப்பானது அது. நான் பணிக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், நாங்கள் மதிப்பிடச் சென்ற திட்டமொன்றில் அந்தக் கேள்விக்கு 'ஏறத்தாழ ஒவ்வொரு நாளும்' என்று விடை தந்த ஒரு பெண்ணின் கேள்வித்தாள் பதினேழு நாட்கள் எவராலும் திறக்கப்படாமல் கிடந்தது. அவள் நலமாக இருந்தாள். அதற்கு அவளுடைய தோழிதான் காரணம். திட்டத்துக்கு அதில் பங்கில்லை.

மென்பொருள் பொறியாளர்: உரையாடும் செயலிகள் இவ்வளவு வளர்ந்த பிறகு மனித ஆலோசகர்களுக்காகக் காத்திருப்பது ஏன்?

பதில்: காத்திருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை உண்மையானது என்பதால் இந்தக் கேள்வியை மதிக்கிறேன். இந்த முயற்சிக்கு நீண்ட வரலாறும் உண்டு. 1966இல் கணினி அறிவியலாளர் ஜோசப் வைசன்பாம் வெளியிட்ட 'எலிசா' என்ற கணினி நிரல், எதிரில் இருப்பவர் சொன்னதைக் கேள்வியாகத் திருப்பிச் சொல்வதைத் தவிர அதிகம் எதுவும் செய்யவில்லை. அப்படியிருந்தும் மக்கள் அதனிடம் மனம்விட்டுப் பேசியது அவரையே கலங்க வைத்தது. 2017இல் 'வோபாட்' என்ற உரையாடல் செயலியை இளைஞர்கள் 70 பேரிடம் இரண்டு வாரம் சோதித்து, மனச்சோர்வு அறிகுறிகள் குறைந்ததாகக் கண்டார்கள். நல்ல தொடக்கம்தான், ஆனால் இரண்டு வாரம் என்பதை மறக்கக் கூடாது. அந்தச் செயலியே 2025இல் நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பு, 2023இல், உண்ணுதல் கோளாறு உள்ளவர்களுக்கு உதவ அமெரிக்க அமைப்பொன்று வைத்திருந்த உரையாடல் செயலி, எடையைக் குறைக்க ஆலோசனை சொல்லத் தொடங்கியதால் விலக்கிக்கொள்ளப்பட்டது. அந்த நோயாளிகளுக்கு அதைவிடத் தீங்கான ஆலோசனை இருக்க முடியாது.

அன்றாடப் பயிற்சிகளை நினைவூட்டவும், சந்திப்புகளுக்கு இடைப்பட்ட நாட்களில் மனநிலையைக் குறித்துவைக்கவும் இவை உதவும் என்று நம்புகிறேன். தனித்து நிற்க விட மாட்டேன்.

பெயர் குறிப்பிடாதவர்: மன அழுத்தத்துக்குச் சிறந்த செயலி எது?

பதில்: மேலே தாய் ஒருவருக்குத் தந்த விடையைப் பாருங்கள்.

தந்தை ஒருவர்: என் மகள் பதினைந்து வயதினள். பள்ளி தந்த செயலியில் ஆலோசகருடன் எழுதிப் பேசுகிறாள். அவள் எழுதுவதை எனக்குக் காட்ட மறுக்கிறார்கள். பெற்றவனுக்கு உரிமை இல்லையா?

பதில்: ஐயா, உங்கள் தவிப்பு நியாயமானது. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். நடைமுறையில் நாங்கள் கண்டதைச் சொல்கிறேன். உதவியைத் தொடங்கும் முன்பே, எது ரகசியமாக இருக்கும், எது இருக்காது என்று பிள்ளைக்கும் பெற்றோருக்கும் ஒரே அறையில், ஒரே சொற்களில் சொல்ல வேண்டும். உயிருக்கு ஆபத்து, பிறரால் துன்புறுத்தல் ஆகிய இரண்டும் மறைக்கப்படா. மற்றவை பிள்ளைக்கு உரியவை. அவள் எழுதிய வரிகள் உங்களுக்கு வர வேண்டியதில்லை. அவளைக் காப்பதற்கான திட்டமும் அதில் உங்கள் பங்கும் கட்டாயம் வர வேண்டும்.

இருபத்திரண்டு வயதுப் பெண்: பதினாறு வயதில் நான் எழுதியவற்றை என்னிடம் சொல்லாமல் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதன் பிறகு நான்கு ஆண்டுகள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அந்தத் தந்தை இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தந்தை: என் மகளுக்கு ஏதேனும் நேர்ந்துவிட்டால் இந்த ரகசியத்துக்கு யார் பொறுப்பு?

மென்பொருள் பொறியாளர்: இருவருக்கும் தீர்வு உண்டு. மனிதர் யாரும் படிக்க வேண்டாம். ஆபத்தான சொற்களை நிரலே கண்டறிந்து பெற்றோருக்குத் தானாகச் செய்தி அனுப்பட்டும்.

பதில்: மூவருக்கும் சேர்த்தே சொல்கிறேன், ஏனெனில் ஒருங்கிணைப்பு பெரும்பாலும் முறிவது இந்த இடத்தில்தான். பொறியாளர் சொல்லும் வழி சோதிக்கப்பட்டிருக்கிறது. 2014இல் பிரிட்டனின் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சமாரிட்டன்ஸ், ட்விட்டரில் நண்பர்கள் எழுதும் கவலைக்குரிய சொற்களைக் கண்டறிந்து எச்சரிக்கும் ஒரு செயலியை நல்ல நோக்கத்துடன் வெளியிட்டது. கண்காணிக்கப்படுபவரின் சம்மதம் கேட்கப்படவில்லை. மனநலச் சிக்கல் உள்ளவர்களே அஞ்சி எதிர்த்ததால் பத்து நாட்களுக்குள் நிறுத்திவிட்டார்கள். கண்காணிக்கப்படுகிறோம் என்று தெரிந்த பிள்ளை அந்தச் சொற்களை எழுதாமல் விட்டுவிடும். துன்பம் அப்படியே இருக்கும், நமக்குத் தெரிவது மட்டும் நின்றுபோகும். அனுப்பப்படும் ஒவ்வொரு நகலும் கசியவும் கூடும். ஃபின்லாந்தின் வஸ்தாமோ உளவியல் சிகிச்சை நிறுவனத்திலிருந்து ஏறத்தாழ 33,000 பேரின் பதிவுகள் களவுபோனது 2020இல் வெளிப்பட்டபோது, திருடியவர் நோயாளிகளுக்கே தனித்தனியாக எழுதிப் பணம் கேட்டு மிரட்டினார்.

ஆனால் தந்தையின் கேள்வியைத் தட்டிக்கழிக்க மாட்டேன். ரகசியத்துக்குப் பொறுப்பாளர் இருக்கத்தான் வேண்டும். ஆலோசகர் தனியாக அந்தச் சுமையைத் தாங்கக் கூடாது. ஐயம் எழுந்த அன்றே உளவியலாளரிடமும் மருத்துவரிடமும் பேசி, சொல்வதா வேண்டாமா என்ற முடிவையும் அதன் காரணத்தையும் மூவரும் பதிவு செய்ய வேண்டும். சொல்வது என்று முடிவானால், பிள்ளையிடம் முதலில் தெரிவித்து, முடிந்தவரை அவளையும் உடன் வைத்துக்கொண்டு பெற்றோரிடம் பேச வேண்டும். அந்தப் பெண்ணுக்கு இது நடந்திருந்தால் நான்கு ஆண்டு மௌனம் நேர்ந்திருக்காது என்று நம்புகிறேன். அவருக்கு என் வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

வேறொருவர்: இலவசமாகக் கிடைக்கும் நல்ல செயலி எது?

பதில்: மூன்றாம் முறையாக வரும் கேள்வி. பெயர்களைச் சொல்லப் போவதில்லை.

பட்டதாரி ஒருவர்: என் மாத்திரையின் அளவைக் குறைக்கலாமா?

பதில்: எழுதித் தந்த மருத்துவரைக் கேளுங்கள். அதுவரை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

பள்ளி மாணவர்: நண்பன் நள்ளிரவில், 'இனி வாழ்ந்து என்ன' என்று செய்தி அனுப்புகிறான். யாரிடமும் சொல்லாதே என்கிறான். என்ன செய்வது?

பதில்: தம்பி, இந்தக் கேள்விக்கு முன்னால் மற்றவையெல்லாம் காத்திருக்கலாம். தற்கொலை பற்றி நினைக்கிறாயா என்று அவனிடம் நேராகக் கேளுங்கள். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாகத் தோன்றாது. யாரோ ஒருவர் கேட்டுவிட்டாரே என்ற ஆறுதலே பலருக்கும் கிடைக்கிறது. அறிவுரை வேண்டாம், அவன் பேசட்டும். எப்படிச் செய்வது என்று அவன் யோசித்திருந்தாலோ, அதற்கான பொருள் கைக்கெட்டும் இடத்தில் இருந்தாலோ, அவனைத் தனியே விடாமல், அவன் வீட்டாரையோ உங்கள் பகுதியின் அவசர உதவி எண்ணையோ உடனே அழையுங்கள். அத்தகைய திட்டம் எதுவும் இல்லாவிட்டாலும், நாளை காலைக்குள் நீங்கள் இருவரும் நம்பும் பெரியவர் ஒருவருக்கு இது தெரிந்தாக வேண்டும். இந்த ரகசியத்தைக் காப்பதாக வாக்குத் தராதீர்கள். தந்திருந்தால் அதை மீறுவது துரோகம் ஆகாது. அவன் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. இதை நீங்கள் ஒருவராகச் சுமக்க வேண்டாம்; உங்களுக்காகவும் ஒருவரிடம் பேசுங்கள்.

உளவியலாளர்: ஒரு பிள்ளையை இணையவழி உதவியிலிருந்து நேரடிச் சிகிச்சைக்கு மாற்றும்போது பாதிப் பேர் வழியிலேயே காணாமற்போகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: முகவரியும் தேதியும் தந்து அனுப்பினால் அப்படித்தான் நடக்கும். புதிய சிகிச்சையாளரைப் பிள்ளை ஏற்கெனவே பழகிய உரையாடலுக்குள் ஒருமுறை அழைத்து வாருங்கள். மூவரும் பத்து நிமிடம் பேசுங்கள். இதுவரை நடந்ததைப் பிள்ளையும் நீங்களும் சேர்ந்தே அரைப் பக்கத்தில் எழுதுங்கள், தன் கதையை முதலிலிருந்து மறுபடி சொல்லும் வேதனை பிள்ளைக்கு வராமலிருக்க. முதல் சந்திப்பு நடந்தது என்று அங்கிருந்து உறுதி வரும் வரை பிள்ளையின் பெயர் உங்கள் பட்டியலிலேயே இருக்கட்டும். அந்த உறுதி வராவிட்டால் மறுநாள் தொலைபேசியில் அழைக்க வேண்டியவர் நீங்கள்.

தந்தை: மகளுடன் நேற்றிரவு பேசினேன். அவள் எழுதியதைக் கேட்கவில்லை. நாளை பள்ளிக்குப் போகிறேன். நான் என்ன கேட்க வேண்டும்?

பதில்: வெள்ளிக்கிழமை இரவில் எச்சரிக்கை எழுந்தால் எடுப்பவரின் பெயரைக் கேளுங்கள், ஐயா. அவரைச் சந்திக்க வேண்டும் என்றும் கேளுங்கள். மகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.