மாற்றிக் கட்டிய பழைய அம்பாசிடர் இன்ஜினை ஊருக்குள் ஓட்டவும் புகைச் சான்று வாங்கவும் எப்படி டியூன் செய்வது?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின் உள்ள மார்க் 2 அம்பாசிடர். ஹெட்டைச் சீவி கம்ப்ரஷனை ஏற்றி, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டை மாற்றி, எஸ்.யூ. வகை கார்பரேட்டர் இரண்டு போட்டிருக்கிறீர்கள். சேலத்தில் கொண்டலாம்பட்டி பைபாஸில் பறக்கிறது. ஐந்து ரோடு சிக்னலில் ஸ்லோ (மிதிக்காமல் ஓடும் ஐடிலிங்) நிற்பதில்லை. ஏற்காடு ஏறினால் நாக்கிங், இன்ஜினுக்குள் தட்டும் சத்தம். புகைச் சோதனையில் ஃபெயில். ஆளாளுக்கு கார்பரேட்டரைத் திருகிப் பார்த்துவிட்டார்கள்.

கார்பரேட்டரைக் கடைசியில் தொடுங்கள். உங்கள் கோளாறில் பெரும்பகுதி, பிளக்குகளுக்கு மின்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கிறது என்பது என் கணிப்பு.

காரணம் இதுதான். வேகத்துக்காகச் செதுக்கிய கேமில் இன்லெட் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் அதிகம். 4000 ஆர்.பி.எம்.மில் அது நல்லது. 800-இல் எரிந்த புகையே உள்ளே திரும்பி வந்து புதுக் கலவையோடு கலக்கும், கலவை மந்தமாக எரியும். மந்தமாக எரிவதை முன்கூட்டியே பற்ற வைக்க வேண்டும். கம்பெனி டைமிங், அதாவது பிளக் பற்ற வைக்கும் நேரம், அதற்குப் போதாது. சரி, டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பி வைத்தால் போகிறது என்று எல்லோரும் செய்கிறார்கள். ஸ்லோ நிற்கும், ஆனால் வேகம் ஏறும்போது மொத்த அட்வான்ஸும் (எத்தனை டிகிரி முன்கூட்டிப் பற்ற வைக்கிறது என்ற அளவும்) அதே அளவு கூடிவிடும். சீவிய ஹெட்டோடு கொண்டை ஊசி வளைவில் மிதித்தால் தட்டாமல் என்ன செய்யும்?

லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டராக இருந்தால், பாயிண்ட் தட்டைக் கழற்றிப் பாருங்கள். கீழே, வேகம் ஏற ஏற விரிந்து அட்வான்ஸைக் கூட்டும் வெயிட்டுகளுக்குப் பக்கத்தில் ஓர் எண் பொறித்திருக்கும். வெயிட்டுகள் எத்தனை டிகிரி வரை விரியும் என்பது அந்த எண். டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்க்கில் பாதி வேகத்தில் சுற்றுவதால் அதை இரண்டால் பெருக்க வேண்டும். எண் 15 என்றால் கிராங்க்கில் 30. ஸ்லோவுக்காக 12 வைத்தீர்கள் என்றால் மொத்தம் 42 ஆகிவிடும். இந்த இன்ஜினுக்கு 32 பக்கம் இருந்தால் போதும். ஆகவே உள்ளே இருக்கும் தடுப்பில் கொஞ்சம் வெல்டு வைத்து, 10-க்கு மேல் விரியாதபடி அராவி எடுக்கச் சொல்லுங்கள். 12-உம் 20-உம் 32. டைமிங் லைட் வைத்து, ஸ்லோவிலும் 3500-இலும் இரண்டு இடத்திலும் பார்த்தால்தான் கணக்கு முடியும். காதால் வைக்கும் டைமிங் சாதா இன்ஜினுக்குச் சரி, இதற்கு வேண்டாம்.

அப்புறம் வேக்வம் அட்வான்ஸ், இன்ஜின் உறிஞ்சும் இழுப்பை ஒரு டியூப் வழியாக வாங்கி, பாதி மிதியில் அட்வான்ஸைக் கூட்டும் அமைப்பு. இரட்டை கார்பரேட்டர் போட்டதும் அந்த டியூபைப் பிடுங்கி அடைத்துவிடுவது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. ரேஸ் வண்டிக்கு அது தேவையில்லை, உண்மைதான். ஆனால் அஸ்தம்பட்டியிலிருந்து ஜங்ஷன் வரை பாதி மிதியில் ஓடும் வண்டிக்கு மைலேஜும் குளிர்ச்சியும் அதிலிருந்துதான் வருகின்றன. அதற்குள் உள்ள டயாஃப்ரம் சவ்வு கிழியாமல் இருக்கிறதா என்று வாயால் உறிஞ்சிப் பார்த்துவிட்டு, திரும்ப மாட்டுங்கள்.

டாப்பெட் இடைவெளியை கேம் செதுக்கியவர் சொன்ன அளவில் வையுங்கள், பழைய புத்தக அளவில் அல்ல. மேனிஃபோல்டு கேஸ்கெட்டிலும் தேய்ந்த த்ராட்டில் தண்டிலும் காற்று இழுக்கிறதா என்று பாருங்கள். இழுத்தால் மேற்கொண்டு எதுவும் செய்ய வேண்டாம், அதுதான் முதல் வேலை.

இப்போது கார்பரேட்டர். அம்மாபேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் இதற்கு எந்தக் கருவியும் எடுக்க மாட்டார். முழ நீள ரப்பர் டியூப் ஒன்றைக் காதில் வைத்து, மறுமுனையை ஒரு கார்பரேட்டர் வாயில் பிடிப்பார், அப்புறம் அடுத்ததில். "ரெண்டும் ஒரே சுருதில மூச்சு விடணும் தம்பி" என்பார். இரண்டையும் இணைக்கும் தண்டின் கிளாம்பைத் தளர்த்தி, ஸ்லோ ஸ்க்ரூவை மட்டும் திருகி, உஸ் சத்தம் சமமாகும் வரை விடமாட்டார். பிறகுதான் கலவை. ஜெட்டுக்கு அடியில் உள்ள ஆறுமுக நட்டை ஒரு முகம் ஒரு முகமாகத் திருப்பி, கார்பரேட்டரின் பக்கத்தில் உள்ள சிறு பின்னைத் தள்ளி, அதற்குள் இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக உயர்த்திப் பார்ப்பார். வேகம் லேசாக ஏறி உடனே அடங்கினால் சரி. ஏறியபடியே நின்றால் ரிச், பெட்ரோல் அதிகம். இன்ஜின் சோர்ந்து அணையப் போனால் லீன், பெட்ரோல் குறைவு. இரண்டுக்கும் தனித்தனியாக இதே சோதனைதான்.

புகைச் சான்றுக்கு வருவோம். பாரத் ஸ்டேஜ் 2 புகை விதிக்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1500 பங்கு) வரை அனுமதி. தாராளமான வரம்பு. சீட்டில் உள்ள அந்த இரண்டு எண்களையும் பாஸ், ஃபெயில் என்று மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்காதீர்கள், அதைவிட மலிவான பரிசோதனை கிடைக்காது. மோனாக்சைடு கலவையைச் சொல்லும், ஹைட்ரோகார்பன் எரியாமல் தப்பிய பெட்ரோலைச் சொல்லும். முதலாவது மட்டும் எகிறினால் ரிச், நட்டைத் திருகினால் போதும். முதலாவது குறைந்து இரண்டாவது எகிறினால் மிஸ்ஸிங், கலவை சில நேரம் பற்றாமலே போகிறது. லீன் ஆக்கியது அதிகமாகிவிட்டது, அல்லது பிளக், வயர், டைமிங் கோளாறு. பல மெக்கானிக்குகள் இங்கேதான் இன்னும் லீன் ஆக்குவார்கள், எண் இன்னும் ஏறும். உங்கள் கேமுக்கு ஹைட்ரோகார்பன் சாதா இன்ஜினைவிடக் கூடத்தான் வரும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். மோனாக்சைடை 2 முதல் 2.5-க்குள் நிறுத்தினால் ஸ்லோவும் நிற்கும், சான்றும் வரும். சோதனைக்கு இன்ஜினை நன்றாகச் சூடாக்கிக்கொண்டு போங்கள். வரிசையில் நெடுநேரம் ஐடிலிங்கில் நின்றிருந்தால், சோதனைக் குழாயை சைலன்சருக்குள் விடுவதற்கு முன் அரை நிமிடம் 2500-இல் வைத்து பிளக்கைக் காய விடுங்கள். வண்டியைப் பார்க்காமலே சீட்டு தரும் இடங்களும் உண்டு என்று கேள்வி. அங்கே வாங்கும் சீட்டில் உள்ள எண்களால் உங்களுக்கு என்ன பயன்?

20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலையும் கணக்கில் எடுங்கள். சுத்த பெட்ரோல் ஒரு பங்கு எரிய 14.7 பங்கு காற்று வேண்டும், இ20-க்கு 13.5 பக்கம். அதாவது பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் கார்பரேட்டரின் பழைய ஊசியையும் ஜெட்டையும் அப்படியே விட்டால் கலவை எட்டு சதவீதம் லீன். இதனாலேயே சில வண்டிகள் ஊருக்குள் இடறுகின்றன. பழைய ரப்பர் ஹோஸ்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுங்கள். இந்த இன்ஜினில் இன்லெட்டும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம், கார்பரேட்டர் எக்ஸாஸ்ட் சூட்டுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறது. சேலத்து மே மாத வெயிலில் சிக்னலில் நிற்கும்போது பெட்ரோல் உள்ளேயே கொதிக்கும். இடையில் ஓர் அலுமினியத் தகடு அவசியம்.

ஏற்காட்டுக்கென்று தனி செட்டிங் வேண்டாம். 1500 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்து கலவை தானாக ஐந்தாறு சதவீதம் ரிச் ஆகும், இழுவை பத்து சதவீதத்துக்கு மேல் குறையும். அடிவாரத்தில் சரியாக இருந்தால் மேலே லேசாகக் கரி பிடிக்கும், அவ்வளவுதான். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் கியரைக் குறைத்து ஏறுங்கள், மூன்றாவதில் இழுத்துத் தள்ளினால்தான் தட்டும். இறங்கும்போது சைலன்சரில் படபடவென்று வெடித்தால் எக்ஸாஸ்ட் மூட்டில் காற்று போகிறதா என்று முதலில் பாருங்கள்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 50 வயதைக் கடந்த வண்டிகளுக்கான 2021-ஆம் ஆண்டு வின்டேஜ் பதிவு, மாற்றிக் கட்டிய இன்ஜினுக்குக் கிடைக்காது. அந்தப் பதிவில் தினசரி ஓட்டவும் முடியாது. சாதாரண ஆர்.சி.யைப் புதுப்பித்தே வைத்திருங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உள்ள எண், சீட்டில் வந்த இரண்டு எண்கள், கார்பரேட்டர் ஊசியில் பொறித்திருக்கும் எழுத்து, இவற்றை எழுதி அனுப்புங்கள். ஊசியை மாற்ற வேண்டுமா என்று அதற்கப்புறம் பேசலாம்.